நான் புள்ளி அடிச்சேன்

பாத்து அண்ணாச்சி, பாத்து. உங்க பையை இது மேல வச்சிராதீங்க. கீழ வைங்க, நான் காலை ஒதுக்கிக்கிடறேன். இல்ல இல்ல, சாமி படம் இல்ல. பழைய வேட்டியில சுத்தி மடியில வச்சிருந்தா எல்லாரும் சாமி படம்னுதான் நினைக்கிறாங்க. கண்டக்டரும் அதான் கேட்டாரு. இது கீபோர்டு. கம்ப்யூட்டர்ல தட்டுவாங்கல்ல, அது. தூக்கித்தான் பாருங்களேன். கனக்குதா? ரெண்டரைக் கிலோ. அடியில இரும்புத் தகடு. இப்ப வர்றதெல்லாம் அப்பளம்.

நீங்க எது வரைக்கும்? சங்கரன்கோவிலா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பேச்சுத் துணைக்கு ஆச்சு. பேசாம உக்காந்து வந்தா எனக்கு மண்டைக்குள்ள என்னென்னமோ ஓடுது இப்பல்லாம்.

என் பேரு ராஜகனி. சிவகாசியில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஊருல பாதி அச்சாபீசுக்கு வைத்தியம் நான்தான். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆளு கிடையாது அண்ணாச்சி. அதை முதல்லயே சொல்லிடறேன். கடைசியில நீங்க வேற மாதிரி நினைச்சிரக் கூடாது.

இந்த போர்டு என்னுது இல்ல. ஆவுடையக்காவோடது. ஆவுடையம்மாள். தனுஷ்கோடி முதலாளியோட அச்சாபீஸ்ல இருபத்தொன்பது வருசமா தமிழ் அடிச்சவங்க. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கோவில் கொடை நோட்டீசு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவங்க விரல் வழியாத்தான் வரும். எங்க அப்பா செத்ததுக்கு போஸ்டர் அடிச்சதும் அவங்கதான். முதலாளி முத முதலா கம்ப்யூட்டர் வாங்கினப்ப கூட வந்த போர்டு இது. கம்ப்யூட்டர் அதுக்கப்புறம் ஆறு மாத்தியாச்சு. இது மட்டும் மாறல. ஒரு தடவை புது போர்டு மாட்டிக் குடுத்தேன். ரெண்டு வரி அடிச்சாங்க. "என்ன தம்பி, கொழுக்கட்டை மாவுல விரலை விடற மாதிரி இருக்கு. எழுத்து விழுந்துச்சா இல்லையான்னு விரலுக்குத் தெரியலையே"ன்னு கழட்டிக் கையில குடுத்துட்டாங்க.

ஏன்னா அவங்க திரையைப் பாக்க மாட்டாங்க அண்ணாச்சி. கண்ணு எழுதிக் குடுத்த தாள் மேல. காது கீபோர்டு மேல. இந்த போர்டுல ஒவ்வொரு கீயை அமுக்கும்போதும் டக்குனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தா எழுத்து விழுந்தாச்சு. சத்தம் ஒண்ணு குறைஞ்சா டக்குனு நிறுத்தி, போன எழுத்தைத் திரும்ப அடிப்பாங்க. அடிச்சு முடிச்சுட்டுத்தான் நிமிந்து பாப்பாங்க. அதுல தப்பு ஒண்ணு இருக்கும், அரை இருக்கும். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு இருந்ததில்ல.

இப்ப இந்தக் கீக்குக் கீழ என்ன இருக்கும்ங்கிறீங்க? ஒரு குட்டி டப்பா. தீப்பெட்டியில பாதி கூட வராது. அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கு, ரெண்டு தகடு. ஒரு தகடு சத்தத்துக்கு. ஒரு தகடு எழுத்துக்கு. விரல் அமுக்கினதும் ஒண்ணு டக்குனு சொல்லும், இன்னொண்ணு கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். ரெண்டும் வேற வேற ஆளு. பக்கத்துப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். இதை மனசுல வச்சுக்கோங்க.

இந்த டப்பாவுக்கு உதிரிச் சாமான் இப்ப எங்கயும் கிடைக்காது. அப்ப மெக்கானிக் என்ன பண்ணுவான்? நிறைய அடிபடுற கீயில எழுத்துத் தகடு போயிருச்சுன்னா, யாரும் சீண்டாத ஒரு கீயைத் திறந்து அதுல இருக்கிற நல்ல தகடை எடுத்து இதுல போடுவான். போன தகடை அந்தச் சீண்டாத கீக்குள்ள வச்சு மூடிருவான். ஏமாத்து இல்ல அண்ணாச்சி. ஊரு பூரா இதான் முறை. நல்லது வேலை செய்யிற இடத்துல இருக்கணும், சொத்தை சும்மா கிடக்கிற இடத்துல இருக்கணும். நியாயந்தானே?

நியாயந்தான்.

போன கார்த்திகையில அக்கா போன் பண்ணினாங்க. காலண்டர் வேலை மும்முரம். "தம்பி, க விழ மாட்டேங்குது. பத்துக்கு ஒண்ணு முழுங்குது. கொஞ்சம் வந்து பாருங்க"ன்னாங்க. போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். க எதுன்னு காட்டிட்டு அக்கா கை கழுவப் போயிட்டாங்க. இங்கிலீஷ்ல அது எஃப். திறந்து பாத்தா எழுத்துத் தகடு லேசா வளைஞ்சிருக்கு. நிமித்திப் பாத்தேன், நிக்கல. சரி, சீண்டாத கீ எதுன்னு பாத்தேன். இங்கிலீஷ் எல்லுக்கு அடுத்தாப்புல ஒரு கீ இருக்கு, தெரியுமா? மேல ஒரு புள்ளி, கீழ ஒரு காற்புள்ளி. இங்கிலீஷ்ல அரைப்புள்ளி. நான் இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், அதை ஒருநாள் ஒருபொழுது அடிச்சது கிடையாது. நீங்க அடிச்சிருக்கீங்களா? அதான். அதைத் திறந்து தகடை எடுத்து க-வுக்குப் போட்டேன். க-வோட சொத்தைத் தகடை அதுக்குள்ள வச்சு மூடிட்டேன். பத்து நிமிசம் ஆகல.

ஒண்ணு சொல்லணும். அந்தக் கீயோட தலை கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. எழுத்து அழிஞ்சு, நடுவுல லேசாக் குழிஞ்சு. மத்த எந்தக் கீயும் அப்படி இல்ல. பாத்தேன். கண்ணால பாத்தேன். அக்கா மோதிரம் உரசியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அந்தக் கீக்குப் போறது சுண்டுவிரல். சுண்டுவிரல்ல எந்தப் பொம்பளை மோதிரம் போடுறா? அது அப்ப தோணல.

தமிழ் அடிக்கிற ஆளுகளுக்கு அந்தக் கீதான் புள்ளி, அண்ணாச்சி.

எனக்கு எப்படித் தெரியும்? நான் தமிழ் அடிக்கிறது போன்ல. அம்மாவுக்கு இங்கிலீஷ்ல ஏ எம் எம் ஏன்னு போட்டா அதுவே அம்மான்னு ஆக்கிக்குது. புள்ளியை நான் தனியா வச்சதே இல்ல. பள்ளிக்கூடத்தோட சரி. அக்காவுக்கு அப்படி இல்ல. க்-குனா க அடிச்சு, அப்புறம் புள்ளி அடிக்கணும். ஒரு வரிக்கு எத்தனை புள்ளி வருது, நீங்களே எண்ணிப் பாருங்க. வலது கை சுண்டுவிரல் அங்கேயேதான் குடியிருக்கும். அந்த போர்டுலயே ரொம்ப உழைக்கிற கீ எதுவோ, அதுல கொண்டுபோய் நான் சொத்தையை வச்சிருக்கேன். சத்தத் தகடு நல்லா இருக்கு. டக்குங்கும். எழுத்து மட்டும் இருபதுக்கு ஒண்ணு, முப்பதுக்கு ஒண்ணு விழாது. க-வுல பத்துக்கு ஒண்ணு முழுங்கினது, இங்க வந்து கொஞ்சம் திருந்தியிருக்கு. திருந்தாம இருந்திருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும். விழாத ஒண்ணு ரெண்டைப் பிழை பாக்கிறவங்க திருத்தித் திருத்தி ரெண்டு மாசம் ஓடிருச்சு. எல்லாம் என் நேரம்.

அக்கா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து க-வை அடிச்சுப் பாத்தாங்க. டக் டக் டக். ஒண்ணு கூட முழுங்கல. முகமெல்லாம் சிரிப்பு. "புதுசு போட்டீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லியிருக்கணும்? "இல்லக்கா, இங்கேர்ந்து எடுத்து அங்க போட்டேன்"னு சொல்லியிருக்கணும். வாய்ல வந்தது, "ஆமாக்கா, ஜப்பான் சாமான். மெட்ராஸ்ல சொல்லி வச்சு வரவழைச்சேன்." ஒரு பேச்சுக்குச் சொன்னது. நம்மளையும் நாலு பேரு பெரிய மெக்கானிக்னு நினைக்கட்டுமேன்னு ஒரு இது. மறுநாள் சாத்தூர் போன ஆளுகிட்ட சொல்லி அரைக்கிலோ காராச்சேவு வாங்கி எனக்குக் குடுத்தாங்க அக்கா. பூராவும் நானே தின்னேன். வீட்டுக்குக் கூடக் கொண்டுபோகல.

தை மாசம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. எந்தப் பள்ளிக்கூடம்னு கேக்காதீங்க, பேரு வேணாம். பொன்விழா மலர் தனுஷ்கோடி முதலாளிகிட்ட. மலர்ல முதல் பக்கம், பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச பெரியவர் போட்டோ. காலமாகி நாலு வருசம் ஆச்சு. போட்டோவுக்குக் கீழ "நிறுவனர்"னு மட்டும்தான் முதல்ல இருந்துச்சு. அவரு மகன்தான் இப்ப தாளாளர். எல்லாப் பக்கமும் பிழை பாத்துக் கையெழுத்துப் போட்ட பெறவு, அச்சுக்குப் பிளேட் போடப் போற நேரத்துல வந்து நிக்காரு. "எங்க அப்பாவுக்கு இதைச் சேருங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டு. பெண் கல்விக்கே தன் வாழ்வை அர்ப்பணித்தவர். ஒரே வரி. அக்கா அடிச்சாங்க, அவசரத்துல நிமிந்து பாக்கல. பிளேட் போயிருச்சு. அந்த ஒரு வரிக்கு யாரும் பிழை பாக்கல. பாக்காதது யாரு தப்பு? கடைசி நேரத்துல சீட்டைத் தூக்கிட்டு வந்தது யாரு தப்பு? அதை ஒருத்தரும் கேக்கல, பாத்துக்கோங்க.

கல்வியில ல் மேல இருக்கிற புள்ளி விழல அண்ணாச்சி.

வேற எங்க விழாம இருந்திருந்தாலும் யாருக்கும் கண்ணுல பட்டிருக்காது. தன் வாழ்வைங்கிறதுல விழலைன்னா ஏதோ பிழைன்னு போயிருப்பாங்க. அங்கயா போய் விழாம இருக்கணும்? க, ல, வி. புள்ளி இல்லாமப் படிச்சுப் பாருங்க. பெரியவர் எதுக்குத் தன் வாழ்வை அர்ப்பணிச்சாருன்னு ஆகுது?

சிரிக்கிறீங்க. சிரிங்க, எனக்குக் கோவம் இல்ல. ஊரே சிரிச்சுது. டீக்கடையில சிரிச்சாங்க, போன்ல படம் பிடிச்சு அனுப்பிச் சிரிச்சாங்க. எனக்கே எவனோ அனுப்பினான், நானும் முதல்ல சிரிச்சேன். ஆனா அந்தப் பெரியவர் சம்சாரம் இருக்காங்க. எண்பது வயசு. விழா மேடையில முதல் பிரதி அவங்க கையிலதான் குடுத்திருக்காங்க. விரிச்சுப் பாத்தாங்களாம். மூடி மடியில வச்சு ரெண்டு கையையும் அது மேல வச்சுக்கிட்டாங்களாம். விழா முடியிற வரைக்கும் எடுக்கலையாம். அதைக் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு போயிருச்சு.

மறுநாள் அச்சாபீஸ்ல ரகளை. எட்டு வருசத்துக்கு முன்னாடி அக்காவோட தங்கச்சி மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல இடம் கேட்டுக் கிடைக்கல. அதை எவனோ தாளாளர் காதுல போட்டுட்டான். "பழி வாங்கிட்டா, வேணும்னே பண்ணிட்டா"ன்னு அவரு குதிக்காரு. முதலாளி சாதுவான மனுசன். "ஏம்மா, கவனக்குறைவுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துரு. முடிச்சிருவோம்"னாரு. அக்கா ஒத்தை வார்த்தைதான். "நான் புள்ளி அடிச்சேன்."

"அடிச்சா விழுந்திருக்கும்ல?"ங்காரு தாளாளர்.

"நான் புள்ளி அடிச்சேன். சத்தம் கேட்டேன்."

"சத்தம் கேட்டா எழுத்து எங்க?"

யோசிச்சுட்டு அக்காவே சொல்லியிருக்காங்க. "மெக்கானிக் தம்பியைக் கூப்பிடுங்க. போர்டுல கோளாறு இருந்தா தம்பி சொல்லிரும். தம்பி நல்லா இருக்குன்னு சொன்னா நீங்க எங்க கேட்டாலும் கையெழுத்துப் போடறேன்"னு. என் மேல அவ்வளவு நம்பிக்கை. அதுதான் எனக்கு இப்ப வரைக்கும் ஆற மாட்டேங்குது அண்ணாச்சி. ஊருல எத்தனை மெக்கானிக் இருக்கான்? என்னை எதுக்கு இழுக்கணும்?

போனேன். முதலாளி, தாளாளர், படம் வைக்கிற டிசைனர் பொண்ணு, அக்கா, எல்லாரும் நிக்காங்க. உக்காந்து அடிச்சேன். இங்கிலீஷ்ல ஒரு வரி உண்டு, நரி நாயைத் தாண்டினதா வரும், அதுல ஏ-யிலேர்ந்து இசட் வரைக்கும் எல்லா எழுத்தும் வந்துரும். கீபோர்டு சோதிக்க எல்லாரும் அதான் அடிப்போம். நாலு தடவை அடிச்சேன். ஒரு எழுத்து பிசகல. "போர்டு நல்லா இருக்கு"ன்னேன். உண்மைதானே? இங்கிலீஷுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

அக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்க. கடுதாசியை கம்ப்யூட்டர்ல அடிக்க மாட்டேன்னுட்டு கையால எழுதினாங்க. என் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறேன். எழுதும்போது பாத்தேன். ஒவ்வொரு புள்ளியையும் பேனாவை அழுத்தி, உருட்டி உருட்டி வச்சாங்க. தாளு ஓட்டை விழுந்துரும்போல.

என்ன கேட்டீங்க? புள்ளியா? புள்ளியை அடிச்சுப் பாத்தேனான்னா?

அடிச்சிருப்பேன். ஞாபகம் இல்ல. திருவேங்கடம் வந்துருச்சு, பாருங்க. டீ குடிப்போமா? அஞ்சு நிமிசம் நிக்கும். வேணாமா? சரி.

மறுநாள்லேர்ந்து அக்கா வேலைக்கு வரல. யாரும் போகச் சொல்லல, அவங்களே நின்னுட்டாங்க. ஒரு மாசம் பாத்துட்டு சங்கரன்கோவிலுக்கு, தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. கல்யாணம் பண்ணிக்கல அவங்க. அந்த மேசைதான் அவங்களுக்கு எல்லாம். போர்டைக் காயலான் கடைக்குப் போட இருந்தாங்க, நான் எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு தடவை அக்காவுக்குப் போன் பண்ணினேன். "நல்லா இருக்கீங்களா தம்பி"ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க. அதுக்கு மேல பேச மாட்டேங்கிறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? நான் என்ன பண்ணினேன் அவங்களை?

போன வாரம் அவங்க தம்பி பேசினாரு. கோமதிநாயகம்னு பேரு, தாலுகா ஆபீஸ்ல இருக்காரு. "அண்ணே, அக்கா சாப்பிட உக்காந்தாலும் தட்டு ஓரத்துல விரலைத் தட்டிக்கிட்டே இருக்கு. என்னக்கான்னா, கல்வின்னு அடிக்கிறேங்குது. அடிச்சுட்டு, புள்ளி விழுந்துச்சாடான்னு என்னைக் கேக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சுண்டுவிரல்ல உணர்ச்சி இருக்கான்னு பாருங்க, காதும் சரியா கேக்குதான்னு பாருங்கன்னு அதுவே சொல்லுது. ரெண்டும் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னையிலேர்ந்து பேச்சே குறைஞ்சு போச்சு. அந்தப் பழைய போர்டு இருந்தா குடுங்கண்ணே, வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, அதுல மாட்டிக் குடுத்தா மனசு தேறுமான்னு பாக்கேன்"னு சொன்னாரு.

அதான் கொண்டுபோறேன். சும்மா கொண்டுபோகல அண்ணாச்சி. கழுவித் துடைச்சு, ஒவ்வொரு கீயா கழட்டி, புது கம்ப்யூட்டர்ல மாட்டுறதுக்கு ஒயரு மாத்தி, பாருங்க, எப்படி மின்னுதுன்னு. புள்ளிக் கீயில இருந்த சொத்தைத் தகடை எடுத்துட்டேன். மேல வலது ஓரத்துல ஒரு கீ இருக்கு, தமிழுக்கும் வேண்டாம் இங்கிலீஷுக்கும் வேண்டாம், நிஜமாவே ஒருத்தரும் சீண்டாத கீ. இந்தத் தடவை விசாரிச்சுட்டுத்தான் அதுலேர்ந்து எடுத்தேன். அந்த நல்ல தகடைப் புள்ளிக்குப் போட்டாச்சு. ஆயிரம் தடவை அடிச்சுப் பாத்தேன். ஆயிரத்துல ஒண்ணு பிசகல. அக்கா அடிச்சுப் பாக்கட்டும். கல்வின்னு அடிக்கட்டும். அடிக்க அடிக்க புள்ளி வரும். மனசு தேறிரும். நானும் பரிகாரம் பண்ணின மாதிரி ஆச்சு.

என்ன?

திரும்பச் சொல்லுங்க.

...

இல்ல, நீங்க சொல்றது புரியுது. அடிக்க அடிக்க புள்ளி வந்தா, போர்டு மேல குத்தமே இல்லைன்னு ஆகுது. போர்டு மேல குத்தம் இல்லைன்னா அன்னைக்கும் அவங்க விரல்தான். காதுதான். டாக்டர் விரலும் காதும் நல்லா இருக்குன்னுட்டாரு, போர்டும் நல்லா இருக்குன்னா, பிசகு தன் புத்தியிலதான்னு...

நான் இதை யோசிக்கல அண்ணாச்சி. சாமி சத்தியமா யோசிக்கல. சரி பண்ணிக் குடுத்தா சரியாயிரும்னுதான் நினைச்சேன். நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே, சரி பண்ணுறது.

தண்ணி இருக்கா? குடுங்க.

நீங்க முன்ன கேட்டீங்கல்ல, புள்ளி அடிச்சுப் பாத்தீங்களான்னு. பாத்தேன். ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய். நரி வரியை நாலு தடவை அடிச்சு முடிச்சதும் அக்கா பின்னாலேர்ந்து, "தம்பி, புள்ளி அடிச்சுப் பாருங்க"ன்னாங்க. எனக்கு எது புள்ளின்னு தெரியல. "எதுக்கா?"ன்னேன். அக்கா என் தோளுக்கு மேல கையை நீட்டி, விரலை வச்சுக் காட்டினாங்க. எல்லுக்கு அடுத்த கீ. வழவழன்னு. அண்ணாச்சி, அப்பவே தெரிஞ்சு போச்சு. என்ன பண்ணினேன், எதை எங்க வச்சேன், எல்லாம் ஒரு நொடியில.

அடிச்சேன். விழுந்துச்சு. இன்னொண்ணு, விழுந்துச்சு. அக்கா, "இன்னும் அடிங்க தம்பி"ன்னாங்க. பன்னெண்டோ பதிமூணோ. ஒண்ணு, டக்குங்குது, திரையில ஒண்ணும் இல்ல. தாளாளர் முதலாளிகிட்ட கத்திக்கிட்டு இருக்காரு. டிசைனர் பொண்ணு அவரைப் பாத்துக்கிட்டு நிக்குது. அக்கா என் முதுகுக்குப் பின்னால. திரை அவங்களுக்குத் தெரியல, என் தலை மறைச்சிருச்சு. சத்தம் மட்டும்தான் கேட்டாங்க. நான் பட்டுனு அடுத்ததை அடிச்சேன். அது விழுந்துருச்சு. நிறுத்திட்டேன்.

அந்த இடத்துல சொல்லியிருக்கலாம். ஆனா ஜப்பான் சாமான்னு சொல்லியிருக்கேனே. மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சேன்னு. தாளாளர் வேற குதிச்சுக்கிட்டு இருக்காரு. அந்தக் கோவம் அப்படியே திரும்பி என் மேல விழும். ஊருல பாதி அச்சாபீஸ் என் கையில இருக்கு. "போர்டு நல்லா இருக்கு"ன்னுட்டேன். வாய் தானா சொல்லிருச்சு. அக்கா உடனே பேனாவைக் கேட்டாங்க. ஒரு கேள்வி கேக்கல. "அப்படியா தம்பி?"ன்னு கூடக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேனான்னும் தெரியல.

பஸ்சு ஏன் நிக்குது? ரயில்வே கேட்டா? கேட்டைத் தாண்டினா ஊருதானே?

அண்ணாச்சி, ஒரு உதவி. இந்த வேட்டியை இப்படி ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிங்க. எதுவும் கீழ விழுந்துரக் கூடாது. ட்வீசர் சட்டைப் பையிலயே இருக்கு, அது இல்லாம நான் வெளிய வர்றதில்ல. இந்தத் தீப்பெட்டிக்குள்ள பாருங்க. ஆமா, அதுதான். சொத்தைத் தகடு. எவ்வளவு சின்னது, பாத்தீங்களா? தூரப் போட மனசு வரல. எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு, இவ்வளவு நேரமும்.

இப்ப கீயோட தலையைப் பிடுங்கினா வந்துரும். டப்பா மூடியை ரெண்டு பக்கமும் நெம்பணும். பஸ்சு ஆடாம இருந்தா ரெண்டு நிமிச வேலை. நல்ல தகடு வெளிய. இதை வேட்டியில போடறேன், பாத்துக்கோங்க. சொத்தை உள்ள. ஸ்பிரிங்கு. மூடி. தலை.

முடிஞ்சுது. இருபது வருசத்துல முத தடவையா நல்லா இருக்கிற ஒண்ணைக் கெடுத்திருக்கேன்.

விரலைக் குடுங்க. இங்க. சுண்டுவிரல். அமுக்குங்க. டக்குனு கேட்டுச்சா? இன்னொரு தடவை. கேட்டுச்சுல்ல? நல்லா கேட்டுச்சுல்ல? கம்ப்யூட்டர்ல மாட்டினா இதே சத்தம் கேக்கும், முப்பதுக்கு ஒண்ணு எழுத்து வராது. அக்கா கேட்டதும் இதைத்தான். அவங்க விரல் அடிச்சுது, காது கேட்டுச்சு. ரெண்டும் பொய் சொல்லல.

ரயில் போயிருச்சு, கேட்டைத் தூக்குறான். நீங்க எங்க இறங்கணும்? பஸ் ஸ்டாண்டா? உங்க வேலை கொஞ்சம் தாமதமானாப் பரவாயில்லையா? கோமதிநாயகம் வீடு பக்கத்துலதான், தெற்கு ரத வீதி. ஒரு அஞ்சு நிமிசம் என்கூட வாங்க அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நின்னாப் போதும்.

அக்கா கதவைத் திறந்து, "போர்டு எப்படி இருக்கு தம்பி?"ன்னுதான் கேப்பாங்க. நான் தனியாப் போனா, நல்லா இருக்குக்கான்னு சொல்லிப்புடுவேன்.